எஞ்சின் மாறிய அம்பாசடருக்கு எந்த ஃபில்டர்?

சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஃப்யூல் ஃபில்டர் கேட்டால் முதலில் வரும் கேள்வி, "என்ன வண்டி, எந்த மாடல்?" என்பதுதான். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் வண்டிக்கு அந்தக் கேள்வி போதும். எஞ்சின் மாற்றிய அம்பாசடருக்குப் போதாது. 'அம்பாசடர், 1978' என்று உள்ளதைச் சொன்னால் கார்புரேட்டர் காலத்து பிளாஸ்டிக் ஃபில்டரை எடுத்து நீட்டுவார்கள். பானெட்டுக்குள் இருப்பதோ இஞ்செக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும் இசுசு 1.8 எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின். அந்த ஃபில்டர் ஓரிரு நாள் தாங்கலாம். வழியில் பிளந்து பெட்ரோல் பீறிடவும் செய்யலாம்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கப் பலர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். சிவப்பும் நீலமுமாக மின்னும் அலுமினிய ரேஸிங் ஃபில்டரை வரவழைத்து மாட்டிவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருக்கிறார்கள். இரண்டும் தவறான வழிகள் என்பதே என் வாதம். ஃபில்டரை வண்டியின் பெயரை வைத்தும் தேர்ந்தெடுக்கக் கூடாது, எஞ்சினின் குதிரைத்திறனை வைத்தும் கூடாது, அழகை வைத்தும் கூடாது. பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, எந்த அழுத்தத்தில் தள்ளுகிறது, டேங்குக்குள் என்ன கிடக்கிறது, இன்றைய பெட்ரோல் எதை அரிக்கிறது என்ற நான்கும்தான் அளவுகோல். சந்தையில் கிடைப்பவற்றை இந்த நான்கிலும் நிறுத்திப் பார்ப்போம்.

மாறியது எஞ்சின் மட்டுமல்ல

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் இறுதியில் உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. நெடுங்காலம் அதை இழுத்தது 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினை அந்த வண்டியில் வைத்து விற்றது. ஆகவே பழைய அம்பாசடருக்கு இசுசு எஞ்சினை ஏற்றுவது வண்டியின் வம்சத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றம். எஞ்சின் மவுண்டும் கியர்பாக்ஸும் பொருந்திவிட்டால் வேலை முடிந்ததென்று பலரும் நினைப்பது இதனால்தான். பெட்ரோல் போகும் பாதையில்தான் வேலை பாக்கி இருக்கிறது.

கார்புரேட்டர் வண்டியில் பம்பை எஞ்சினின் கேம்ஷாஃப்ட் இயக்குகிறது. உள்ளே இருப்பது ஒரு டயஃப்ரம், அழுத்தம் 0.2 முதல் 0.3 பார்தான். கார்புரேட்டரின் மிதவை உயர்ந்து ஊசி வால்வு மூடியதும் பெட்ரோல் நின்றுவிடும். எஞ்சின் குடிக்கும் அளவுதான் ஃபில்டர் வழியே போகிறது, ஒரு சொட்டுகூட அதிகமில்லை.

எம்.பி.எஃப்.ஐ.யில் கதையே வேறு. எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் மின்சார பம்ப் ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் அழுத்தம் 3 பார், அதாவது பழையதைப் போலப் பத்து முதல் பதினைந்து மடங்கு. இஞ்செக்டர்கள் எடுத்தது போக மிஞ்சியதை ரெகுலேட்டர் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திருப்பிவிடும்.

இந்த வேறுபாட்டின் முழு விளைவு கணக்குப் போட்டால்தான் தெரியும். 75 குதிரைத்திறன் எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது மணிக்குச் சுமார் 25 லிட்டர் பெட்ரோல் கேட்கும். சாதாரண ஓட்டத்தில் 6, 7 லிட்டர் போதும். எஞ்சின் மாற்றும் பட்டறைகளில் அதிகம் கைக்கு வருவது மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப். எஞ்சின் எவ்வளவு குடித்தாலும் ஃபில்டர் வழியே போவது கிட்டத்தட்ட அந்த 255 லிட்டர்தான். டேங்கில் 50 லிட்டர் இருந்தால், அத்தனையும் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கடந்துவிடுகிறது. டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த துருவும் அதே வேகத்தில் அங்கே வந்து சேர்கிறது. 'எங்கள் ஃபில்டர் 500 குதிரைத்திறன் வரை தாங்கும்' என்ற விளம்பரம் இந்த வண்டிக்காரருக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஃபில்டரின் சுமையைத் தீர்மானிப்பது பம்ப்.

'10 மைக்ரான்' என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு 30, 40 மைக்ரான் தூசு பெரிய சேதம் செய்யாது. இஞ்செக்டருக்குள் அசையும் பாகங்களின் இடைவெளி மிகக் குறுகலானது. 10 மைக்ரான் அளவுக்கு வடிகட்ட வேண்டும் என்பது எம்.பி.எஃப்.ஐ.க்குப் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. ஒவ்வொரு இஞ்செக்டரின் வாயிலும் சிறு வலைக்கூடை ஒன்று உண்டு. தூசு அதுவரை போய்விட்டால் இஞ்செக்டரையே கழற்ற வேண்டிவரும். அந்தக் கூடைக்கு எதுவும் எட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் ஃபில்டரின் வேலை.

ஆனால் பெட்டியில் '10 மைக்ரான்' என்று அச்சிட்டிருப்பது மட்டும் ஒரு தகவலே அல்ல. அந்த அளவிலும் அதற்கு மேலும் உள்ள துகள்களில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது என்று சொன்னால்தான் எண்ணுக்குப் பொருள் வரும். இதற்குப் பொறியாளர்கள் பீட்டா விகிதம் என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். 10 மைக்ரானில் பீட்டா 2 என்றால் வந்த துகள்களில் பாதி தப்பிவிடும். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் மாட்டிக்கொள்ளும். இரண்டு பெட்டியிலும் '10 மைக்ரான்' என்றே போட முடியும். எந்தச் சோதனை என்றும் இந்த விகிதம் எவ்வளவு என்றும் சொல்லாத ஃபில்டரின் மைக்ரான் எண்ணை ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது பரப்பு. காகித ஃபில்டரின் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்தால் உறையின் அளவை வைத்து எதிர்பார்க்க முடியாத நீளம் வரும். பரப்பு கூடக்கூட அடைப்பு தள்ளிப்போகும். பம்புக்குத் தடையும் குறையும். மெல்லிய துளையும் சிறிய பரப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபில்டர் சீக்கிரம் திணறும். மைக்ரானைக் கேட்பவர்கள் பரப்பையும் சேர்த்துக் கேட்பதில்லை. பாதி தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

களத்தில் இருப்பவை

முதலாவது, கண்ணாடி போல் தெரியும் சிறிய பிளாஸ்டிக் ஃபில்டர். விலை மிகக் குறைவு, எங்கும் கிடைக்கும், உள்ளே தூசு சேர்வது கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டரின் தாழ்ந்த அழுத்தத்துக்கு, எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி வைத்தால், தற்காலிகமாக ஏற்கலாம். 3 பார் அழுத்தத்தில் இதை வைப்பது ஆபத்து. 0.3 பாரில் கசிந்தால் சொட்டும்; 3 பாரில் கசிந்தால் புகை போலச் சிதறி, சூடான எக்ஸாஸ்ட் மேல் படும். எம்.பி.எஃப்.ஐ. அம்பாசடருக்கு இது முதல் சுற்றிலேயே வெளியே.

இரண்டாவது, உண்மையான கண்ணாடிக் குடுவையும் பளபளக்கும் மூடிகளும் கொண்டது. பழைய காரின் பானெட்டுக்குள் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியும் உலோகமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வாஷர் காய்ந்தால் கசியும். கல் பட்டால் உடையும். அழகுக்காக நெருப்பை வீட்டுக்குள் வைக்க வேண்டியதில்லை. கார்புரேட்டர் வண்டிக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, அமெரிக்காவில் பழைய கார்களுக்கு ஜி.எம். எல்.எஸ். எஞ்சின் ஏற்றுபவர்களின் செல்லப்பிள்ளை: ஐந்தாம் தலைமுறை கார்வெட்டின் ஃபில்டர். ரெகுலேட்டரும் ஃபில்டரும் ஒரே உறைக்குள். மூன்று வாய்கள்: ஒன்றில் பெட்ரோல் வரும், ஒன்றில் எஞ்சினுக்குப் போகும், ஒன்றில் டேங்குக்குத் திரும்பும். ரிட்டர்ன் குழாயை எஞ்சின் வரை இழுக்காமல் டேங்குக்குப் பக்கத்திலேயே முடித்துவிடலாம். எஞ்சின் சூட்டில் காய்ந்த பெட்ரோல் டேங்குக்குத் திரும்புவதில்லை. நேர்த்தியான யோசனை; அந்த எஞ்சினுக்கு அது சரியான விடையும்கூட. நம் வண்டிக்கு ஏன் பொருந்தவில்லை என்றால், அதன் அழுத்தம் 58 பி.எஸ்.ஐ., அதாவது 4 பார் என்று உள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. 3 பாருக்கு அளந்த இஞ்செக்டரில் 4 பார் கொடுத்தால் சுமார் 15 சதவீதம் கூடுதலாகப் பாயும். அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பாய்ச்சல் கூடும் என்பதால் இந்தக் கணக்கு. எஞ்சினின் கணினியான இ.சி.யு.வை மறுபடி டியூன் செய்யாமல் வைத்தால் ஸ்பார்க் பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் கடல் கடந்து வரவழைக்க வேண்டும்.

நான்காவது, அலுமினிய ரேஸிங் ஃபில்டர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. உறை உறுதியானது, அழுத்தத்தைத் தாங்கும், திறந்து உள்ளிருப்பதை மாற்றலாம். 100 மைக்ரான், 40 மைக்ரான் எவர்சில்வர் வலைகளைக் கழுவித் திரும்பப் போடலாம். குறை எங்கே என்றால், கழுவக்கூடிய வலை 10 மைக்ரானுக்கு இறங்குவது அரிது. 10 மைக்ரான் வேண்டுமென்றால் பெரும்பாலும் காகிதமோ கண்ணாடி இழையோதான் உள்ளே போட வேண்டும். அது கழுவத் தகாதது. 'ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும்' என்ற அதன் பெரிய கவர்ச்சி, இஞ்செக்டருக்குத் தேவையான அளவுக்கு இறங்கும்போது காணாமல் போய்விடுகிறது. கழுவுவதிலும் ஆபத்து உண்டு. வெளிப்புற அழுக்கு கொஞ்சம் உட்பக்கம் போய்விட்டால், அடுத்த முறை பம்ப் ஓடும்போது அது நேரே எஞ்சினுக்குத்தான் போகும். சந்தையில் நல்லதும் போலியும் ஒரே நிறத்தில் கிடைக்கின்றன; உள்ளே இருக்கும் ஓ-ரிங் எந்த ரப்பர் என்று பலவற்றில் எழுதியே இருப்பதில்லை.

ஐந்தாவது, யாரும் படம் எடுத்துப் போடாத ஒன்று: டேங்குக்கு வெளியே தனி ஃபில்டர் வைத்த 1990-களின், 2000-களின் எம்.பி.எஃப்.ஐ. கார்களுக்கான சாதாரண உலோக கேனிஸ்டர். மூடி சீல் வைத்த உறை, உள்ளே மடித்த காகிதம். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஒரு கார் கம்பெனி அதே அழுத்தத்துக்கு, அதே வகை இஞ்செக்டருக்கு, லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடவிட்டுச் சோதித்த பொருள் இது. குறைகளும் உண்டு. திறந்து பார்க்க முடியாது. சிலவற்றின் வாய் அந்தந்தக் கம்பெனியின் கிளிப் வகை. நம் குழாய்க்கு நேரடியாகப் பொருந்தாது. நிப்பிள் வைத்ததோ திருகு வைத்ததோ பார்த்து வாங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதை வடிவமைத்தவர்கள் மணிக்கு 255 லிட்டர் பம்பை மனதில் வைக்கவில்லை. இந்தக் கடைசிக் குறைக்கு மருந்து ஃபில்டரில் இல்லை, பம்பில் இருக்கிறது. அதைத் தீர்ப்பில் சொல்கிறேன்.

இன்றைய பெட்ரோல் அன்றைய பெட்ரோல் அல்ல

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. அம்பாசடர் பிறந்த காலத்தில் யாரும் எதிர்பார்க்காத திரவம் இது. எத்தனால் நல்ல கரைப்பான். டேங்கின் சுவரில் பல்லாண்டுகளாக ஒட்டியிருந்த பிசினை இளக்கிவிடும். அதுவரை நிம்மதியாக ஓடிய வண்டியில் திடீரென ஃபில்டர் அடுத்தடுத்து அடைத்தால் ஃபில்டரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை; டேங்க் கழுவப்படுகிறது, அழுக்கு வந்து சேர்கிறது.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் பழைய காரில் தண்ணீர் அளவு கூடினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். காகிதம் இந்த ஈரத்தில் ஊறினால் தடை கூடும். பழைய நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்கும் ஹோஸும் உப்பி இளகும். ஹோஸின் உட்சுவர் உரிந்து அதுவே கசடாகும். ஆகவே ஃபில்டரோடு ஹோஸையும் மாற்றாவிட்டால் வேலை பாதிதான். எம்.பி.எஃப்.ஐ.க்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று பொறித்த ஹோஸ் கேட்டு வாங்க வேண்டும். உட்பூச்சு ஃப்ளோரோ ரப்பர் என்பதால் எத்தனாலைத் தாங்கும். கிளிப்பும் ஹோஸை வெட்டும் துளையிட்ட பட்டையாக இல்லாமல், சுற்றிலும் சமமாக இறுக்கும் வகையாக இருக்க வேண்டும்.

அறுத்துப் பார்த்தால் தெரியும்

உலோக கேனிஸ்டரைத் திறந்து பார்க்க முடியாது என்ற குறைக்குப் பதில் இருக்கிறது. கழற்றிய பழையதை அறுத்துப் பார்க்கலாம். பெட்ரோலை முழுக்க வடித்து, சில நாள் வெயிலில் திறந்தவெளியில் ஆவி போகக் காயவைத்து, பொறி பறக்காதபடி குழாய் வெட்டும் கருவியால் கழுத்தைச் சுற்றி அறுக்க வேண்டும். கிரைண்டர் பக்கமே போகக் கூடாது. காகிதத்தை உருவி, வெள்ளைத் துணி மேல் விரியுங்கள். பெட்ரோல் வெளிச்சுற்றிலிருந்து உள்நோக்கிப் போகும் என்பதால் மடிப்புகளின் வெளிமுகத்தில்தான் கதை எழுதியிருக்கும். செங்கல் நிறப் பொடியைக் காந்தம் இழுத்தால் டேங்கின் துரு. காந்தத்துக்கு அசையாத கறுப்புத் துணுக்கு விரலால் நசுக்கும்போது இழுபட்டால், உரியும் ஹோஸ். காகிதம் முழுவதும் மஞ்சளாகப் பசை போல ஒட்டினால், கெட்டுப்போன பழைய பெட்ரோலின் பிசின். உட்பக்கத்திலும் பொடி இருந்தால், அம்புக்குறியைப் பார்க்காமல் யாரோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அல்லது காகிதம் கிழிந்திருக்கிறது.

கண்ணாடிக் குடுவையில் தூசு தெரிகிறது என்று மகிழ்பவர்களுக்கு இவ்வளவு விவரம் கிடைப்பதில்லை.

ஓடும்போதே தெரிந்துகொள்ள வழி அழுத்தமானி. எஞ்சின் பக்கம் ரெகுலேட்டர் இருக்கும் அமைப்பில், ஃபில்டர் பாதி அடைத்தாலும் இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலில் 3 பார் காட்டும். ரெகுலேட்டர் ரிட்டர்னைக் குறைத்துச் சமாளித்துவிடும். அந்தக் கடனை அடைப்பது பம்ப்: கூடுதல் மின்சாரம், கூடுதல் சூடு, முனகல். ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதுதான் வண்டி திணறும். எனவே மானியை ஃபில்டருக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்து, புதிதில் இருந்த வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். அது ஏறிக்கொண்டே போனால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

தீர்ப்பு

எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் ஏற்றிய அம்பாசடருக்கு முதன்மை ஃபில்டராக நான் தேர்வது ஐந்தாவதை: 3 பாரில் ஓடும் உற்பத்திக் காருக்கான, தெரிந்த தயாரிப்பாளரின், 10 மைக்ரான் வகைக் காகித உலோக கேனிஸ்டர். வைக்க வேண்டிய இடம் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே, எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கத்தில், சேஸிஸோடு கிளாம்ப் போட்டு. ரப்பர் வைத்த கிளாம்ப் என்றால் உறைக்குத் தனியாக எர்த் ஒயர் கொடுங்கள். வேகமாகப் பெட்ரோல் வடியும்போது நிலைமின்சாரம் சேரும்.

இந்தத் தீர்ப்புக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, 255 லிட்டர் பம்பைக் கழற்றிவிட்டு 100 லிட்டர் சுற்றில் தள்ளும் உற்பத்திக் கார் பம்பை வைக்க வேண்டும். முழு மூச்சில் 25 லிட்டர் கேட்கும் எஞ்சினுக்கு அது நான்கு மடங்கு. ஃபில்டரின் சுமை பாதிக்குக் கீழே இறங்கும். பெட்ரோல் சூடாவதும் குறையும். இரண்டாவது, டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். துரு அரித்த டேங்குக்கு எந்த ஃபில்டரும் வைத்தியம் அல்ல. சுத்தம் செய்த பிறகும் முதல் கேனிஸ்டரை ஆயிரம் கிலோமீட்டருக்குள் கழற்றி அறுத்துப் பாருங்கள்.

அலுமினிய ஃபில்டருக்கும் இந்த வண்டியில் நியாயமான இடம் ஒன்று உண்டு. டேங்குக்கும் வெளியே வைத்த பம்புக்கும் நடுவே, 100 மைக்ரான் எவர்சில்வர் வலையோடு. அங்கே வேலை பம்பைக் காப்பது மட்டும். உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய காகிதத்தை வைத்தால் பம்ப் இழுக்கத் திணறி, நம் ஊர்க் கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும். அகலத் துளை வலை அந்தத் தொல்லை தராது, வழியில் அடைத்தாலும் கழுவிப் போடலாம். டேங்குக்குள்ளேயே பம்பும் அதன் முனையில் வலையும் இருந்தால் அதுவும் தேவையில்லை.

கார்புரேட்டரையே வைத்துக்கொண்டு வேறு மாற்றங்கள் செய்தவர்களுக்கு விடை சுருக்கமானது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே 30, 40 மைக்ரான் காகிதம் கொண்ட உலோக உறை ஃபில்டர். 10 மைக்ரானுக்கு ஆசைப்பட வேண்டாம். அந்தத் தாழ்ந்த அழுத்தத்துக்கு அது வீண் தடை.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. வண்டியில் டர்போ ஏற்றி, குதிரைத்திறனை உண்மையிலேயே இரண்டு மூன்று மடங்கு கூட்டியவருக்குப் பெரிய பம்ப் தேவை. அவருக்கு உற்பத்திக் கேனிஸ்டர் போதாது. ஏற்கிறேன். அவர் பெரிய அலுமினிய உறையில், சோதனை விவரம் வெளியிட்ட 10 மைக்ரான் காகிதத்தைப் போட்டு, அதைத் தவறாமல் மாற்ற வேண்டும். ஆனால் சாலையில் குடும்பத்தோடு போகும் பெரும்பாலான அம்பாசடர்கள் அந்த வகையல்ல. அவற்றுக்கு நம்பகமான ஃபில்டர், எந்த ஊர்க் கடையிலும் கேட்டவுடன் எடுத்துத் தருகிற ஃபில்டர்தான். டிக்கியில் சீல் பிரிக்காத இன்னொன்றை வைத்து, பெட்டியின் மேல் அதன் பார்ட் நம்பரை எழுதிவிடுங்கள். கடைக்காரர் "என்ன வண்டி?" என்று கேட்டால் வண்டியின் பெயரைச் சொல்லாமல் அந்த நம்பரைச் சொல்லுங்கள்.